இரண்டு மணி நேரக் கணக்கு
கல்யாணத்தில் இரண்டு மணி நேர வாசிப்புக்கு நாகஸ்வரக் குழு கேட்கும் பணம் அதிகம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எது இரண்டு மணி நேரம்? என் தங்கை கல்யாணத்துக்கு மேளம் பேசி முடித்தது நான்தான். காலை 6 மணி முகூர்த்தம். முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்புக்கே வந்துவிட்டார்கள். நாகஸ்வரம் 2, தவில் 2, தாளம் 1. ஆக, தொகை ஐந்து பேருக்குப் பிரியும், அதுவும் சமமாக அல்ல. நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி தேய்ந்தாலும் தவில் தோல் கிழிந்தாலும் அவர்கள் கைக்காசுதான். அப்புறம் ஆடியிலும் மார்கழியிலும் யார் வீட்டில் கல்யாணம் வைக்கிறார்கள்? அந்த மாதங்களுக்கும் சேர்த்து வைகாசி, ஆவணியில் சம்பாதித்தாக வேண்டும். இதெல்லாம் தெரியாமல் நானும் பேரம் பேசி 2,000 ரூபாய் குறைத்தேன். கடைசிப் பந்தியில் அவர்கள் உட்கார்ந்தபோது பாயசமும் தீர்ந்திருந்தது.