ஓராண்டு நிதியில் காடு மீளாது

நீலகிரியில் காட்டுயிர் வாழிடங்களைச் சீரமைக்கும் சிறு அமைப்புகளுக்கு நிதி விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்துவருபவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மார்ச் மாதத்திற்குள் செலவழித்துக் கணக்கு முடிக்க வேண்டிய பணத்தைக் கொண்டு காட்டை மீட்க முடியாது.

முதுமலையைச் சுற்றி உண்ணிச்செடி (லந்தானா) என்ற அயல் புதர் மண்டிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். புல் வளர வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்வதால் மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் குறைகிறது. மேலாக வெட்டினால் தூரிலிருந்து மீண்டும் தழைக்கும். எனவே மண்ணுக்குச் சற்றுக் கீழே வேரோடு அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். அதன்பிறகும் மண்ணில் கிடக்கும் விதைகள் அடுத்த மழைக்கு முளைக்கும், பழம் தின்ற பறவைகள் புது விதைகளைக் கொண்டுவந்து போடும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அவற்றைக் கையால் பிடுங்கி, உள்ளூர்ப் புல்லை நிலைபெறச் செய்வது பல ஆண்டு வேலை. விண்ணப்பப் படிவமோ எத்தனை ஹெக்டேர் அகற்றினீர்கள் என்று மட்டுமே கேட்கிறது. மூன்றாம் ஆண்டு மழையில் முளைத்த உண்ணிக் கன்றுகளைப் பிடுங்கும் பழங்குடிப் பெண்களின் கூலியை எழுத அதில் இடமே இல்லை.

சட்டம் இதற்குத் தடையாக இல்லை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, தாவரங்களையும் விலங்குகளையும் பாதுகாக்கும் பணிகளுக்குச் சி.எஸ்.ஆர். எனப்படும் நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிட அனுமதிக்கிறது. 2021-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, தொடங்கும் நிதியாண்டு நீங்கலாக மேலும் 3 ஆண்டுகள் வரை ஒரு திட்டத்தைத் தொடரலாம். அப்படியிருந்தும் நான் பார்த்த நிறுவனங்களில் பல, நிதியாண்டின் கடைசியில் அழைத்து, மரக்கன்றுகளின் எண்ணிக்கையைக் கேட்கின்றன. அயல் மரங்களான சீகையும் (வாட்டில்) தைலமரமும் ஏற்கெனவே விழுங்கிய மலைப் புல்வெளிகளில் மேலும் மரம் நடுவது வரையாட்டின் மேய்ச்சல் நிலத்தை அழிப்பதாகும். தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்த நீலகிரி வரையாடு திட்டத்திற்கு 25.14 கோடி ரூபாயும் 5 ஆண்டுகளும் ஒதுக்கப்பட்டன. அந்தக் கால அளவைத் தனியார் நிதியாளர்களும் ஏற்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

வெளிநாட்டு நிதியின் நிலை இன்னும் கடினம். அந்நியப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டபின், அந்நிதியைப் பெறும் அமைப்பு அதை வேறோர் அமைப்புக்குப் பகிர்ந்தளிக்கக் கூடாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. முன்பு பெரிய அமைப்புகளின் வழியாகக் கிடைத்துவந்த சிறு தொகைகள், இச்சட்டத்தின்கீழ் சொந்தப் பதிவு இல்லாத கிராமக் குழுக்களுக்கு இப்போது எட்டுவதில்லை. இந்தப் பகிர்வுத் தடையை மட்டுமேனும் அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

விண்ணப்பிப்பவர்களுக்கும் ஒரு சொல். வனத்துறையின் அனுமதிக்கு முதலில் எழுதுங்கள். அது வராமல் பணம் வந்தால், திட்டக் காலம் காத்திருப்பிலேயே கரைந்துவிடும். பின்பராமரிப்புச் செலவைத் தனிச் செலவுத் தலைப்பாகக் காட்டுங்கள். நிதியாளர் அதை நீக்கச் சொன்னால், கூலியைக் குறைக்காமல் பரப்பைக் குறையுங்கள். 50 ஹெக்டேரை ஒருமுறை வெட்டிவிட்டு வருவதற்குப் பதிலாக, 5 ஹெக்டேரை எடுத்துக்கொண்டு 4 மழைக்காலங்களுக்கு ஆள் வைக்கக் கேளுங்கள்.