எல்லை பஸ்ஸுக்குத் தமிழில் மனு கொடுக்க முடியாதா?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், குமுளி, வண்டிப்பெரியாறு, மறையூர் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது: ‘இரு மாநில பஸ் ஒப்பந்தம் அரசுகளின் சொந்த விஷயம், பொதுமக்கள் கருத்துச் சொல்ல இடமில்லை. தமிழில் எழுதிய மனுவைக் கேரளம் வாங்காது.’ இரண்டுமே தவறு.

ஒரு மாநிலத்தின் பெர்மிட் அடுத்த மாநிலத்தில் செல்ல, பொதுவாக அங்கே மேலொப்பம், அதாவது அந்த மாநில அதிகாரிகளின் ஒப்புதல் கையெழுத்து, வேண்டும். எந்த வழித்தடத்தில் எத்தனை பெர்மிட் என்று இரு அரசுகளும் ஒப்பந்தம் போட நினைத்தால், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 88(5) பிரிவுப்படி அந்த முன்மொழிவை இரண்டு அரசுகளும் அரசிதழிலும், அந்த வட்டார மொழி நாளிதழிலும் வெளியிட வேண்டும். கருத்து அனுப்பக் கடைசி நாள், பரிசீலிக்கும் நாள், இடம், நேரம் எல்லாம் அதில் இருக்கும். அரசிதழில் வந்து 30 நாளாவது கழித்துத்தான் பரிசீலனை. பொடி எழுத்தில் வரும் அறிவிப்பு என்பதால் பலர் கண்ணில் படுவதில்லை, அதுதான் சிக்கல்.

மொழி விஷயம் இன்னும் எளிது. ஒரு மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்க்கும் மனு கொடுக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு. இடுக்கியில் தமிழ் வழங்கவில்லை என்று யாராவது சொல்வார்களா என்ன!

மனு கொடுத்தால் பஸ் வந்தே தீரும் என்பதும் இல்லை, சரி. ஆனால் ‘பஸ் வேண்டும்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். ‘வண்டிப்பெரியாறு பஸ் குமுளி வந்து சேருமுன் கம்பம் பஸ் கிளம்பிவிடுகிறது’ என்று நேரத்தோடு எழுதுங்கள். வண்டிப்பெரியாறு–குமுளி போலக் கேரளத்துக்குள்ளேயே ஓடும் பஸ்ஸுக்கு இந்த ஒப்பந்தமே தேவையில்லை.