நம் பாட்டன் பூட்டன் எல்லாம் நரகத்திலா?

1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து புனித சவேரியார் ஐரோப்பாவில் இருந்த தன் இயேசு சபைத் துறவியருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஜப்பானில் இரண்டு வருடத்துக்கும் மேலாக ஊழியம் செய்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அங்கே புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களின் ஒரு துயரத்தை அதில் சொல்கிறார். இறந்துபோன அப்பா அம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லாரும் நரகத்தில் இருக்கிறார்கள், இனி வெளியே வர முடியாது என்று கேட்டதும் அவர்கள் அழுதார்கள். தர்மம் செய்தால் ஆகாதா, செபித்தால் ஆகாதா என்று கேட்டார்கள். எதுவும் ஆகாது என்பதுதான் அவர் சொன்ன பதில். இவ்வளவு பிரியமானவர்கள் தீர்வே இல்லாத ஒன்றுக்காக அழுவதைப் பார்க்கத் தனக்கும் துக்கமாக இருந்தது என்றும் எழுதுகிறார்.

இந்தப் பகுதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். கடவுள் அன்பானவர் என்று அந்த மக்களுக்கு அப்போதுதான் சொல்லியிருக்கிறார்கள். கேட்டவுடனே அவர்களுக்குச் செத்துப்போன அப்பாவின் ஞாபகம் வருகிறது. தனக்குக் கிடைத்தது அவருக்கும் கிடைக்க வேண்டும் என்று தவிக்கிறார்கள். நற்செய்தியை அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்றுதான் நான் சொல்வேன். காணாமல் போன ஒரே ஓர் ஆட்டைத் தேடிப் போகிற மேய்ப்பனின் மனசு அது.

இது ஜப்பானியர்களின் கேள்வி மட்டும் இல்லை. அதே சவேரியார் 1544-இல் தென் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். அந்தப் பத்தாயிரம் பேருக்கும் அப்பா அம்மா இருந்திருப்பார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் யாராக இருந்தாலும் நாலு தலைமுறையோ பத்துத் தலைமுறையோ பின்னால் போனால், அம்மனுக்குப் பொங்கல் வைத்த ஒரு பூட்டி இருப்பாள். அவள் நெஞ்சில் இருந்த நன்றிதான் நமக்கும் வந்திருக்கிறது. அவளை நரகத்தில் தள்ளிவிட்டு நான் மட்டும் எந்த முகத்தோடு மோட்சத்துக்குப் போவது?

சவேரியார் கல்நெஞ்சக்காரர் இல்லை. அவர் காலத்துப் போதனை அப்படி. 1442-இல், ஆயர்கள் கூடி முடிவெடுக்கிற பொதுச்சங்கங்களில் ஒன்றான ஃபுளோரன்ஸ் சங்கம், திருச்சபைக்கு வெளியே இருக்கிற யாருமே, சாவதற்குள் உள்ளே வந்து சேராவிட்டால், நித்திய நெருப்புக்குத்தான் போவார்கள் என்று அறிக்கை விட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் ஐரோப்பாவின் கப்பல்கள் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போய்ச் சேர்ந்தன. இயேசுவின் பெயரையே கேட்டிராத கோடிக்கணக்கான மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. இறையியலாளர்கள் தயங்கித் தயங்கி யோசித்தார்கள். அந்தப் பழைய வாக்கியத்தை அப்படியே பிடித்துக்கொண்டு, கத்தோலிக்கர் அல்லாதவருக்கு மீட்பே இல்லை என்று அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு குழுவினர் கற்பித்தபோது, அந்த விளக்கம் தவறு என்று 1949-இல் ரோமிலிருந்தே கடிதம் போனது. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகவே சொல்லிவிட்டது: தன் குற்றம் எதுவும் இல்லாமல் கிறிஸ்துவை அறியாதிருப்பவர்கள், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனசாட்சியின்படி வாழ முயன்றால், அவர்களும் மீட்படைய முடியும். ஜப்பானில் அழுதவர்களுக்கு இந்தப் பதில் வந்து சேர நானூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

சரி, அப்படியானால் நரகமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது என்றுதான் நம்புகிறேன். நரகம் இல்லை என்று சொல்லிவிட்டால், பிஞ்சுக் குழந்தையைச் சிதைத்தவனும் அந்தக் குழந்தையும் கடவுளுக்கு ஒன்று என்று ஆகிவிடும். அன்புள்ள கடவுள் அப்படி இருக்க முடியாது. ஆனால் யார் நரகத்துக்குப் போகிறார்கள் என்று இயேசு சொல்கிற இடங்களைப் பாருங்கள். மத்தேயு 25-இல் பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, சிறையில் இருந்தவனைப் போய்ப் பார்த்தாயா என்பதுதான் கேள்வி. எந்தச் சபை, எந்த ஞானஸ்நானம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. லூக்கா 16-இல் வருகிற பணக்காரன் கொலை செய்யவில்லை, திருடவில்லை. வாசலில் புண்ணோடு கிடந்த லாசரைக் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் பிணங்களைத் தனியே பிரிக்கச் சுவர் எழுப்பினார்களே, நரகத்தைப் பற்றிய எச்சரிக்கை அந்தச் சுவரை எழுப்பியவர்களுக்குத்தான் முதலில் பொருந்தும். பக்கத்து வீட்டு இந்துப் பாட்டிக்கு இல்லை.

ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சிரிய ஆயர், நினிவே நகரத்து ஈசாக்கு சொன்ன ஒன்று என்னை விடுவதே இல்லை. நரகத்தில் இருப்பவர்களையும் கடவுளின் அன்பு விட்டு விலகுவதில்லை. அந்த அன்புக்கு எதிராகச் செய்ததை உணர்கிற வேதனைதான் அவர்களை அடிக்கிற சாட்டை என்கிறார். பெற்ற தாயை அடித்துத் துரத்திய மகன், அவள் அப்போதும் தனக்குச் சோறு எடுத்து வைத்திருந்தாள் என்று தெரிய வரும்போது படுகிற பாட்டை நினைத்துக்கொள்கிறேன். 1999-இல் போப் இரண்டாம் ஜான் பாலும், நரகம் என்பது ஓர் இடம் என்பதைவிட, தானாகவே கடவுளை விட்டு முற்றாகப் பிரிந்தவர்களின் நிலை என்று விளக்கினார். அன்பு யாரையும் கட்டி இழுத்து வராது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையை மனிதனுக்கு விட்டிருக்கிறது. அந்த உரிமை இருக்கிறவரை நரகமும் சாத்தியம்தான். இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

நான் ஏற்காதது, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று நாம் தீர்ப்புச் சொல்வதை. எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்திருக்கிற திருச்சபை, இன்றுவரை ஒரே ஒருவரைக்கூட நரகத்தில் இருப்பதாக அதிகாரபூர்வமாக அறிவித்ததில்லை. அப்புறம் தியானக் கூட்டத்தில் மைக் பிடித்துப் பிரசங்கிக்கிறவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது? தூக்குப் போட்டுச் செத்துப்போன பிள்ளையின் அம்மாவிடம், ஆறுதல் சொல்ல வந்த இடத்திலேயே, அவன் ஆன்மா நரகத்துக்குப் போய்விட்டது என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1917-ஆம் வருடத் திருச்சபைச் சட்டம் அறிந்தே தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது உண்மை. 1983-இல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது, கடவுளுக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் அவர் மனம் திரும்ப வாய்ப்புத் தர முடியும் என்று கத்தோலிக்க மறைக்கல்வி ஏடே சொல்கிறது. அந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

மறைக்கல்வி எடுக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்க அம்மாச்சி இந்து, அவங்க எங்கே இருப்பாங்க என்று ஒரு பிள்ளை கேட்டால் மழுப்பாதீர்கள், பயமும் காட்டாதீர்கள். 1964-இல் சங்கம் சொன்னதை அந்தப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் அம்மாச்சி பெயரையும் சொல்லி செபிக்கலாம் என்று சொல்லுங்கள். ஜப்பானில் அன்று மறுக்கப்பட்டது அந்த செபம்தான்.