அதைக் காய விடுங்களேன்!

குளிர்கால லீவு, மூணு நாளா விடாத மழை. நேத்து சாயங்காலம்தான் கொஞ்சம் வெறிச்சது. ஏரிக்கரைக்கு ஓடினேன். பட்டமரக் கிளையில ஒரு நீர்க்காகம், ரெண்டு சிறகையும் விரிச்சுப் பிடிச்சிட்டு நின்னுச்சு. இறகு நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாத் தண்ணி. வாத்து மாதிரி இல்ல இது. முங்கி மீன் பிடிக்கிற பறவை, வெளி இறகுல ஈரம் ஊறிடும். அப்படி நின்னுதான் உலர்த்திக்கணும். வெயில் தலைகாட்டாத நாள்ல அதுக்கு எவ்வளவு நேரமாகும்!

அதுக்குள்ள ஒரு கும்பல். பறக்குற மாதிரி போட்டோ வேணுமாம், கைதட்டுறாங்க, கத்துறாங்க. கடைசில ஒரு கல். ஈரச் சிறகைப் படபடன்னு அடிச்சு, தண்ணியை உரசிட்டே போயிடுச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது. தள்ளி நின்னு பார்த்தா என்னங்க குறைஞ்சிடும்?