அம்மா பெயருக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறது

மூன்று நாளாக இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எங்கள் மூணாறு மலையில் சுற்றுலாவை வளர்க்கவென்று தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் யாருக்கு என்ன திறன் இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள்; அந்த அறிக்கையைப் பற்றி நடந்த கூட்டத்தின் வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், யார் என்ன பேசினார்கள் என்று நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நேற்று ராத்திரி அம்மா தன் கணக்கெடுப்புத் தாளின் நகலை எடுத்து வந்து, "இதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டார். தாள் முழுக்க ஆங்கிலமும் மலையாளமும். படிப்பு, ஐந்தாம் வகுப்பு. வேலை, தோட்டத் தொழிலாளி, ஓய்வு. அடுத்த கட்டம் தொழில்திறன். அதில் ‘இல்லை’.

நான் அதைப் படித்துச் சொல்லவில்லை. "பேரு, வயசெல்லாம் சரியா இருக்கும்மா" என்று சொல்லித் தாளை மடித்து வைத்துவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை.

33 வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். எந்த இலை முற்றிவிட்டது என்று கண் பார்ப்பதற்குள் அவர் விரலுக்குத் தெரியும். எந்தச் சரிவில் மழைக்கு முந்தின நாள் அட்டை ஏறும், யானை எந்த ஓடை வழியாக இறங்கும், காலை மூடுபனி எத்தனை மணிக்குப் பிரியும், எல்லாம் தெரியும். இந்த மலையில் சுற்றுலாவை வளர்ப்பதற்கென்றே நடந்த ஆய்வு அது. அதில் இவருக்குத் திறன் இல்லை.

ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்டவர்களை எல்லாம் ‘வளர்ச்சிக்கு எதிரி’ ஆக்கிவிட்டார்கள். மூணாறு, தேவிகுளம் பக்கத்துப் பிள்ளைகள் ஏன் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறார்கள் என்று யாராவது கேட்க வேண்டும். கேட்கட்டும். ஆனால் அந்தத் தாளில் இருந்தவை என்ன? ஆங்கிலம் பேசுவீர்களா, கம்ப்யூட்டர் தெரியுமா, ஓட்டலில் வேலை பார்த்திருக்கிறீர்களா? ரிசார்ட்டில் காலியாக இருக்கும் இடத்துக்கு நாங்கள் பொருந்துவோமா என்று அளந்திருக்கிறார்கள். உங்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு கேள்வி இல்லை.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். தேக்கடிக்குப் போங்கள். பெரியாறு காட்டில் திருட்டுத்தனமாக வயனாப் பட்டை (காட்டு லவங்கப்பட்டை) உரித்து விற்றவர்களை 1990களில் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்த்து வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆக்கினார்கள். அவர்களுடைய பள்ளிச் சான்றிதழைப் பார்த்திருந்தால் அங்கும் ‘இல்லை’ என்றுதான் எழுதியிருப்பார்கள். அவர்களுக்குக் காடு தெரியும் என்பதை யாரோ மதித்தார்கள். காட்டுக்குள் திருடப் போன கால்களுக்கே மரியாதை கிடைத்தது. 33 வருஷம் நேர்மையாக வேலை பார்த்த என் அம்மாவுக்கு ஏன் கிடைக்கவில்லை?

"காந்தளூரைப் பாருங்கள், அவர்கள் முன்னேறவில்லையா?" என்று என் பழைய பதிவின் கீழேயே ஒருவர் எழுதியிருந்தார். பார்த்தேன், சந்தோஷப்பட்டேன். 2023-இல் சிறந்த சுற்றுலாக் கிராமம் என்று தேசிய அளவில் தங்க விருது வாங்கிய ஊர். பூண்டு, ஆப்பிள், பிளம்ஸ் எல்லாம் விளைகிற மண். பக்கத்து மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் காந்தளூர் விவசாயிக்குக் காலுக்குக் கீழே சொந்த மண் இருக்கிறது. அவர் தோட்டத்தைக் காட்டலாம், வீட்டில் ஒரு அறையை விருந்தாளிக்குக் கொடுக்கலாம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருப்பவர் எதைக் கொடுப்பார்? லயம் கம்பெனியுடையது. தம்பி தோட்டத்தில் வேலையில் இருப்பதால்தான் அம்மா இன்னும் அந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறார். அவன் நாளைக்கு வேலையை விட்டால் காலி செய்ய வேண்டும். 1971-இல் சட்டம் போட்டு, மூணாறைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலை நிலங்களைக் கேரள அரசு எடுத்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் லயங்களில் பெரும்பாலோருக்கு ஒரு சென்ட் சொந்தமில்லை. இதைத் தொடாமல் ‘ஹோம்ஸ்டே பயிற்சி’ என்று பத்துப் பக்கம் எழுதினால் யாருடைய ஹோம்? அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இதற்குப் பதில் சொல்லவில்லை, திரையில் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள்.

மொழிப் பிரச்சினை கிளப்புகிறேன் என்பவர்களுக்கு: எங்கள் லயத்தில் மலையாளம் புரியாதவர் யாரும் இல்லை. கணக்கெடுக்க வந்தவர்களில் தமிழ் புரிந்தவர் ஒருவரும் இல்லை. அவ்வளவுதான்.

‘இவர்களுக்கு ஒருங்கிணைக்கும் திறன் குறைவு’ என்று ஒருவர் மைக்கில் சொன்னாரே, அதுதான் என்னை அதிகம் சுட்டது. 2015 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளர்களின் போனஸ் 10 சதவீதமாகக் குறைந்தபோது, 9 நாள் மூணாறு சாலையில் உட்கார்ந்தது யார்? ஆயிரக்கணக்கான பெண்கள், சங்கத் தலைவர்கள் யாரையும் முன்னால் விடாமல், ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்று கூடினார்கள். 20 சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். அம்மாவும் அங்கே இருந்தார். வீட்டுக்கு வீடு அரிசி வாங்கி, முறை வைத்துச் சமைத்து, கைக்குழந்தைக்காரிகளைச் சாயங்காலமே அனுப்பிவைத்து நடத்தினார்கள். அதற்கு உங்கள் தாளில் எந்தக் கட்டம்?

12 வருஷத்துக்கு ஒரு முறை பூக்கிற குறிஞ்சியை 2030-இல் பார்க்க வரப்போகும் கூட்டத்தைப் பற்றியும் அறிக்கையில் இருக்கிறதாம். அம்மா எங்கள் வாழ்க்கையையே குறிஞ்சியில்தான் எண்ணுவார். 1994-இல் பூத்தபோது நான் அவர் இடுப்பில். 2006-இல் அப்பா இருந்தார். 2018-இல் ஆகஸ்ட் வெள்ளத்தில் ரோடு போய், பார்க்க வருவோர் குறைந்தார்கள், பூ மட்டும் பூத்தது. எந்த மலைமுகத்தில் முதலில் நீலம் ஏறும், எந்தப் பாதை மழையில் வழுக்கும் என்று அவரிடம் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வார். கேட்கவில்லை.

மண்ணையும் தண்ணீரையும் பற்றியும் கேட்கவில்லை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் நடந்த நிலச்சரிவில் 70 பேர் லயங்களோடு மண்ணுக்குள் போனார்கள். விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகும் எந்த ஓடை எங்கே மடை மாறியிருக்கிறது என்று இங்கே வாழ்கிறவர்களைக் கேட்காமல், ‘வியூ பாயிண்ட்’ என்று வரைபடத்தில் புள்ளி வைக்கிறார்கள் என்றால் எனக்குக் கோபம் வராதா? அந்தப் புள்ளிகளில் ஒன்று வைக்கப்பட்டிருக்கும் மேட்டுக்குக் கீழேதான் எங்கள் லயம்.

வேலை கிடைத்தால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள் என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறேன். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அதற்கு முன் அவரிடம் சொல்லிவிட வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை. குண்டளைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் உங்கள் தாளின் நகலையும் எடுத்து வாருங்கள், ஜீப்பில் இடம் இருக்கிறது.