செவ்வாய்க்கிழமை முதலை என்ன செய்யும்?

வண்டலூருக்குச் சுற்றுலா போய்வந்த மறுநாள் வகுப்பில் வழக்கமாக ஒரு வேலை தருவார்கள்: 'பூங்காவில் பார்த்த ஒரு விலங்கைப் பற்றிக் கதை எழுது.' நல்ல வேலைதான். ஆனால் வருகிற கதைகளைப் பாருங்கள். சிங்கம் காட்டுக்கு ராஜா. நரி தந்திரம் செய்யும். புலி கூண்டிலிருந்து தப்பித்துக் காட்டுக்கு ஓடிவிடும். கடைசியில் ஒரு நீதி. இதை எழுத வண்டலூர் போயிருக்கவே வேண்டாம். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சுமார் 600 ஹெக்டேர் பூங்காவை ஒரே நாளில் விசில் ஊதி ஊதிச் சுற்றிக்காட்டினால் அவர்கள் எதைத்தான் பார்ப்பார்கள்?

கதை எழுதச் சொல்வதற்கு முன்னால், ஒரே ஒரு விலங்கின் முன் அரை மணி நேரம் அவர்களை நிற்க விடுங்கள் என்கிறேன்.

முதலை இருக்கும் இடத்தில் பொதுவாக யாரும் நிற்பதில்லை. 'சார், இது பொம்மையா?' என்பான் ஒருவன். இன்னொருவன் எறியக் கல் தேடுவான். வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறதே, அது கோபமில்லை, உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்று சொல்லுங்கள், கல் கீழே விழும். இதே வாயில்தான் தாய் முதலை குஞ்சுகளைக் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகும் என்றும், முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதையே மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது என்றும் சொல்லிப் பாருங்கள். கேள்விகள் வந்து கொட்டும். அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுதச் சொல்லலாம்.

கதைக்குக் கற்பனை போதும், தகவல் எதற்கு என்று ஆசிரிய நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். ஒன்றும் தெரியாத பிள்ளை, ஏற்கெனவே கேட்ட கதையைத்தானே திரும்ப எழுதும்? சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரும்பாலும் மர உச்சியிலேயே வாழ்கிறது என்று தெரிந்த பிள்ளைக்குத்தான், இங்கே தரையில் உட்கார்ந்திருக்கும் குரங்கைப் பார்த்ததும் ஏதோ உறைக்கும்.

நான் கொடுத்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த தலைப்பு 'செவ்வாய்க்கிழமை'. அன்று வண்டலூர் பூங்காவுக்கு விடுமுறை. ஆள் வராத நாளில் நீ பார்த்த விலங்கு என்ன செய்யும்? அதைப் பேச வைக்கக் கூடாது, தப்பிக்க வைக்கக் கூடாது, நீதி சொல்லக் கூடாது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் முதலையை எழுதினான். காலையிலிருந்து அதன் மேல் எதுவும் வந்து விழவில்லை. மதியம் பராமரிப்பாளர் வந்து, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வீசிய கற்களையும் தண்ணீர் பாட்டில்களையும் பொறுக்குகிறார். அவர் காலடிச் சத்தத்துக்கு மட்டும் முதலை தலையைத் திருப்புகிறது. அவ்வளவுதான் கதை. எழுத்துப்பிழை ஏராளம். அந்தத் தாளில் சிவப்பு மை படக் கூடாது என்று, பிழைகளை அப்புறம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

தப்பிக்கும் கதையை ஏன் தடுக்க வேண்டும்? பூங்காவிலேயே பிறந்து வளர்ந்த புலிக்கு வேட்டையாடிப் பழக்கமில்லை. காட்டில் விட்டால் பெரும்பாலும் பட்டினிதான். அதைச் சந்தோஷமான முடிவு என்று பிள்ளைகளை நம்பவைக்க எனக்கு இஷ்டமில்லை. விலங்கை அடைத்து வைப்பது சரியா என்ற கேள்வி அவர்களுக்குள் வரட்டும், நிச்சயம் வர வேண்டும். கதை முடிவதற்குள் பதில் கிடைத்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பெரிய வகுப்புகளுக்கு இன்னொன்று. 1855-ல் சென்னையில் தொடங்கிய பூங்கா 1985-ல்தான் வண்டலூருக்கு வந்தது. நகரத்து நடுவிலிருந்து லாரி ஏறி வந்த ஒரு விலங்கின் முதல் ராத்திரியை எழுதச் சொல்லலாம்.

இந்த வருஷம் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற ஆசிரியர்கள் யாராவது இதைச் செய்து பார்த்தால், அவர்கள் எழுதியதைப் பேர் போடாமல் கமென்ட்டில் போடுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.