துருத்திப் பலகையையும் சேர்த்து ஏற்றுங்கள்

எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் நிற்கும் பைப் ஆர்கனை, துருத்திக் காற்றால் குழல்கள் பாடும் அந்தப் பெரிய வாத்தியத்தை, பிரித்து எடைக்குப் போட்டுவிடலாம் என்று சபைக் கமிட்டியில் பேச்சு வந்திருக்கிறது. கீபோர்டு வந்த பிறகு அது இடத்தைத்தான் அடைக்கிறதாம். கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

அதற்குத் துருத்தி அடித்த பையன்களில் நானும் ஒருவன். பெட்டியின் பக்கவாட்டில் நூலில் ஓர் ஈயக்குண்டு தொங்கும். துருத்தியில் காற்று நிறைந்தால் குண்டு இறங்கும். பென்சில் கோட்டைத் தாண்டி மேலே ஏறினால் காற்று தீர்கிறது என்று அர்த்தம். நீளமான பாமாலைப் பாட்டு என்றால் ஐந்தாவது சரணத்தில் தோள் கழன்றுவிடும். கோயில்பிள்ளை தாத்தா எட்டிப் பார்த்து, “ஏலே, பாட்டைக் கேக்காத, குண்டைப் பாரு” என்பார்.

எடைக்குப் போட்டால் என்ன தேறும்? உலோகக் குழலெல்லாம் வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. கட்டைவிரலால் அழுத்தினாலே பள்ளம் விழும். உருக்கினால் வெறும் ஈயம். நிற்க வைத்துக் காற்றைக் கொடுத்தால், எட்டடிக் குழல் பாடும்போது பெஞ்சு அதிர்வது காலில் தெரியும்.

நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் இது தாங்காது என்கிறார்கள். பிலிப்பைன்ஸும் வெயிலும் புயலும் உள்ள நாடுதான். அங்கே லாஸ் பின்யாஸ் கோயிலில் 1824-இல் செய்து முடித்த ஆர்கனில் 1,031 குழல்கள். அதில் 902 மூங்கில். பழுதாகிக் கிடந்ததை 1973-இல் கழற்றி ஜெர்மனியில் பான் நகரத்துக் கிளைஸ் பட்டறைக்கு அனுப்பினார்கள். 1975-இல் அது திரும்பி வந்து பாடியது. கடல் தாண்டிப் போய் வந்திருக்கிறது. நம்முடையது தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டினால் போதும். அக்கரையில் ஒரு சபை, வாசிக்க ஆளோடு, கேட்டு நிற்கிறது.

கமிட்டி அண்ணன்மாரே, கொடுத்துவிடுவோம். ஆனால் அவசரம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துருத்தித் தோலையும் மரத்தையும் வெளியே எடுக்கக் கூடாது, தை பிறக்கட்டும். கழற்றும் முன் போட்டோ எடுத்து, ஒவ்வொரு குழலிலும் வரிசையும் எண்ணும் எழுதிக் கட்ட வேண்டும். பெட்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைக்க வேண்டும். அங்கே கூரை உயரத்தையும் தரையில் கரையான் இருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். போன வாரம் ஒரு மரக்குழலைத் தொட்டேன், ஒரு பக்கம் மாவாக உதிர்ந்தது. தையையும் தாண்டி அடுத்த வருஷ மழை வரை விட்டால் மிச்சமும் போய்விடும்.

அப்புறம், துருத்திக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கிறது. துருத்தி அடித்த பையன்கள் எல்லோரும் பென்சிலால் பேர் எழுதிய பலகை. என் பேருக்கு மேலே அப்பாவின் பேர் இருக்கிறது. அதையும் கழற்றி லாரியில் ஏற்றுங்கள். அந்த ஊர்ப் பையன்கள் எழுத, கீழே இன்னும் ஒரு சாண் இடம் இருக்கிறது.